சூடில்லாத பெட்டி

கொக்கு மறுபடியும் நின்றபோது அங்கே இருந்தவர்கள்: கையில் திரைப்பலகையுடன் யுவராணி. அவள் முதுகுக்குப் பின்னால் போனைக் காதில் வைத்தபடி மேனேஜர் கர்ணன். அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் லூர்து மேரியும் அவளோடு நிற்கிற பெண்களும். லோடு ஏறும் என்று முந்தின நாளிலிருந்து காத்துக்கிடந்த கோட்டயத்து லாரி டிரைவர். அப்புறம் அம்மாவாசி. அந்த நேரத்தில் அம்மாவாசிக்கு அங்கே வேலையே கிடையாது. அவர் வாட்ச்மேன். மதியத்துக்கு மேல்தான் டியூட்டி. ஆனாலும் கொக்கு நிற்கத் தொடங்கிய நாளிலிருந்து காலையிலேயே வந்து, காலிப் பலகைத் தட்டுகளின் மேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். யுவராணி அவருடைய மகள்.

கொக்கு என்பது பெண்கள் வைத்த பெயர். அது வாடகைக்கு எடுத்த ஒரு ரோபோ. திராட்சை ஜூஸ் பாட்டில்கள் அடைத்த பெட்டிகள் பெல்ட்டில் வந்து சேரும் இடத்தில் ஒற்றைக் காலில் நிற்கும். குனிந்து பெட்டியைக் கவ்வி, சட்டென்று சுழன்று, பலகைத் தட்டின் மேல் அடுக்கும். இப்போது பெட்டியைக் கவ்விய கழுத்தோடு பாதி வழியில் நின்றிருந்தது. யுவராணி கையிலிருந்த திரையில் சிவப்பு எழுத்து. ஓவர்வோல்டேஜ்.

"என்னம்மா?" என்றார் கர்ணன்.

"அதேதான் சார்."

"அதேதான்னு சொல்றதுக்கு ஒரு ஆளா?"

"ரீசெட் போடுறேன் சார்."

"போடு. ரெண்டு பெட்டி வைக்கும். மூணாவதுல நிக்கும்."

யுவராணி ரீசெட் போட்டாள். கொக்கு அசைந்தது. இரண்டு பெட்டி வைத்தது. மூன்றாவதில் நின்றது. தான் சொன்னது பலித்ததில் கர்ணனுக்குச் சந்தோஷம் எதுவும் இல்லை.

"மோளே, இன்னு லோடு கிட்டுமோ?" என்றார் டிரைவர்.

"கிட்டும் சேட்டா."

"இன்னலெயும் இதுதன்னே பறஞ்ஞு." நேற்றும் அவருக்கு இதே பதில்தான்.

"கொக்குக்குக் கால்ல முள்ளு ஏறிருச்சு போல," என்றார் அம்மாவாசி, தட்டின் மேலிருந்து. பெண்கள் வாய்க்குள் சிரித்தார்கள். லூர்து மேரி மட்டும் வாய்விட்டே சிரித்தாள். அவளுக்கு அடக்கத் தெரியாது.

"யோவ் அம்மாவாசி, ஒமக்கு இங்கன என்னய்யா சோலி?"

"சும்மா பாக்குறேன் சார். ஓணத்து லோடு கெடக்கேன்னு வயித்தெரிச்சலா இருக்கு. எங்காளுக எட்டு பேரு நின்னா ஒரு பொழுதுல அம்புட்டையும் ஏத்திருவம்."

கர்ணன் யுவராணி பக்கம் திரும்பினார். "கேட்டியாம்மா? சனிக்கிழமைக்குள்ள இது முழு வேகத்துல ஓடணும். இல்லைன்னா வாடகைக்காரன வந்து கழட்டிட்டுப் போகச் சொல்லிருவேன். மொதலாளி சொல்லிட்டாக. அது போயிருச்சுன்னா ஒனக்கு இங்கன என்ன வேல இருக்கு, நீயே சொல்லு. ஒங்கப்பா ஆளுகளையே கூப்பிட்டுக்கிருவேன்."

அம்மாவாசியின் வாய் ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தியது. பிறகு மறுபடியும் மென்றது.

இதுதான் அந்த வீட்டின் நிலைமை. மெஷின் ஓடினால் மகளுக்கு வேலை. ஓடாவிட்டால் அப்பனுக்கு.

உத்தமபாளையத்திலிருந்து கோம்பை போகிற ரோட்டில் அந்த ஜூஸ் கம்பெனி வந்தபோது, லோடு ஏற்றத் தன்னோடு எட்டு பேரைச் சேர்த்தவர் அம்மாவாசி. அவர்தான் அவர்களுக்கு மேஸ்திரி. ஒரே மூச்சில் மூன்று பெட்டிகளை அடுக்கித் தோளில் வைத்து லாரிப் பலகையில் ஏறுவார்கள். அவர் வலது தோளில் காய்ப்பு காய்த்து, சட்டையைக் கழற்றினால் அங்கே இன்னொரு முழங்கை இருப்பதுபோல் தெரியும். ரோபோ வந்தபோது ஏழு பேரைப் போகச் சொன்னார்கள். இரண்டு பேர் தேனி மார்க்கெட்டுக்குக் காய்கறி மூட்டை தூக்கப் போனார்கள். சிலர் ஏலத்தோட்டத்துக்கு மலையேறினார்கள். மேஸ்திரி சண்டை போடக்கூடும் என்பதால் அவரை மட்டும் காண்ட்ராக்டர் மூலம் வாட்ச்மேனாக வைத்துக்கொண்டார்கள். காக்கிச் சட்டையும் கேட்டுச் சாவியும் கொடுத்தார்கள். கேட்டில் ஆள் நுழைகிற சின்னக் கதவு கீல் தொங்கிப்போய்த் தரையில் இழுபடும். முட்டியைக் கொடுத்துத் தூக்கினால்தான் கொண்டி விழும். அதைத் திறக்கவும் சாத்தவும் அவரை விட்டால் ஆள் கிடையாது. மற்ற எல்லாரும் உதைப்பார்கள்.

ரோபோவைப் பார்த்துக்கொள்ள டிப்ளமோ படித்த ஆள் வேண்டும் என்றபோது, மேஸ்திரி வீட்டிலேயே ஒன்று இருந்தது. மெக்கட்ரானிக்ஸ் முடித்துவிட்டு ஓசூர் போகிறேன் என்று அழுதுகொண்டிருந்தது. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகச் சொன்னார்கள். ஆறு மாதம் ஆவணியில் முடிகிறது.

ஆடிக்காற்றும் சாரலும் ஒன்றாக இறங்கிய வாரத்தில்தான் கொக்கு முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. முதல் நாள் கர்ணன் கரண்ட் ஆபீசைத் திட்டினார். லைன்மேன் வந்து பார்த்தார். மழையில் தோட்டத்து மோட்டார் ஒன்றும் ஓடவில்லை, இழுக்க ஆளில்லாததால் வோல்ட் ஏறித்தான் இருக்கும், உங்கள் டிரான்ஸ்பார்மரில் கோடைக்கு ஏற்றி வைத்த டேப்பை, அந்த வோல்ட் திருகை, நீங்கள்தான் இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது உண்மைதான். டேப்பை இறக்கினார்கள். நானூற்று ஐம்பதுக்கு மேல் காட்டிய மீட்டர் நானூற்றுப் பதினைந்துக்கு வந்தது. கொக்கு அப்படியும் நின்றது. கோயம்புத்தூரில் இருக்கிற வாடகைக் கம்பெனியின் சர்வீஸ் எஞ்சினியர் சுரேஷ்கண்ணன் போனிலேயே வைத்தியம் பார்த்தார். "வேகத்தக் கொறச்சுப் பாருங்க. ஏதாவது செட்டிங்க மாத்துனீங்களா? மாத்தாம எப்படிங்க வரும்?" என்று ஒவ்வொரு போனிலும் கேட்டார். பாதி வேகத்தில் வைத்தால் கொக்கு நிற்கவில்லை. ஆனால் பெல்ட்டில் பெட்டிகள் முட்டி மோதிக் கீழே விழுந்தன. லூர்து மேரியும் மற்ற பெண்களும் இடுப்பு ஒடிய எடுத்து அடுக்கினார்கள். அவர்களுக்கு அதற்குத் தனியாக எதுவும் கிடையாது.

அன்று இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து யுவராணி கேட்டுக்கு வந்தபோது அம்மாவாசி காக்கியை மாட்டிக்கொண்டு நின்றார். தலையில் கறுப்புக் கம்பளியை மழைக்கு முக்காடுபோல் கொங்காணியாகப் போட்டிருந்தார். முட்டியால் கதவைத் தூக்கித் திறந்துவிட்டார்.

"என்னத்தா, ஓடுச்சா?"

"ஒங்களுக்குத் தெரியாதா?"

"கேட்டாக் கடிக்கிறயே. நானா நிப்பாட்டி வச்சேன்?"

அவள் குடையை விரித்தாள். காற்று அதை உடனே பிரட்டியது.

பண்ணைப்புரத்து வீட்டில் பஞ்சம்மாள் அடுப்படியில் இருந்தாள். திராட்சைத் தோட்டத்துக் கூலி வேலை மழையால் ஒரு வாரமாக இல்லை. வேலை இல்லாத நாளில் அவள் வாய்க்கு வேலை அதிகம். சோறும் மொச்சைக் குழம்பும் போட்டு, சுட்ட கருவாட்டை ஓரத்தில் வைத்தாள்.

"ஒங்கப்பன் கம்பளியப் பாத்தயா? அந்தக் கடைசில வரிவரியாக் கருகிக் கெடக்கு. போன வாரமே பாத்தேன். எதுல காய வச்சீகன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்றாக. அதுலயே மழைக்குப் போத்திக்கிட்டுப் போயிட்டாக. எனக்கு அந்த வாடையே புடிக்கல. முடி கருகுன மாதிரி."

"ம்."

"என்ன ம்? நான் சொல்றது காதுல விழுகுதா?"

"எனக்கு வேலையே போகப்போகுது. நீ கம்பளியப் பத்திப் பேசுற."

"போனாப் போகட்டும். அங்கனயே கெடந்து ரெண்டு பேரும் மொறச்சுக்கிட்டுத் திரியிறதுக்கு அது போயிரலாம். போன ஞாயித்துக்கிழமை கறி எடுத்து ஆக்குனேன். ரெண்டு பேரும் சொவத்தப் பாத்துக்கிட்டுத் தின்னீக. யாருக்காக ஆக்குனேன்?" பஞ்சம்மாள் கரண்டியைக் குழம்புச் சட்டியில் போட்டாள். "அப்படி என்னதான்டி சீக்கு அதுக்கு? கரண்டு கூடிப்போச்சுன்னா கொறைக்க வேண்டியதுதான?"

"குறைச்சாச்சு. வெளிய இருந்து வர்ற கரண்டு இல்லம்மா. அதே உண்டாக்குற கரண்டு."

"அது எப்படி உண்டாக்கும்?"

யுவராணிக்கு விளக்குகிற பொறுமை இல்லை. ஆனால் வாயில் கருவாட்டோடு யோசிக்கிறபோது யாரிடமாவது சொன்னால் தேவலை என்று இருந்தது. "குமுளி மலையில லோடு லாரி எறங்குதுல்ல. பிரேக்க மிதிச்சுக்கிட்டே எறங்குனா டிரம்மு என்னாகும்?"

"பொகையும். சக்கரத்துல தண்ணி ஊத்துவாக, பாத்துருக்கேன்."

"அதான். ஓடுற வண்டிய நிப்பாட்டுனா அந்த வேகம் எங்கிட்டாவது போகணும். சூடாப் போகுது. இதுவும் அப்படித்தான். பெட்டியத் தூக்கிக்கிட்டுச் சொழலுற கைய டக்குன்னு நிப்பாட்டுறப்ப, மோட்டாரு டைனமோ மாதிரித் திரும்பிக் கரண்டு குடுக்கும். அத எரிக்கிறதுக்குன்னு பின்னாடி ஒரு பெட்டி வச்சிருக்காங்க. ரெசிஸ்டர். அந்தப் பெட்டி எரிச்சுச் சூடா வெளிய விட்டுரும். அது எரிக்கலைன்னா…"

நிறுத்தினாள்.

"எரிக்கலைன்னா?"

கொக்கு பெட்டியைத் தூக்கும்போது ஒருநாளும் நிற்கவில்லை. சுழன்று போய் நிற்கப்போகிற இடத்தில்தான் நின்றது. ஒவ்வொரு தடவையும். பாதி வேகத்தில் திரும்பி வருகிற கரண்ட் கொஞ்சம்தான், அதைச் சமாளித்துவிடும். முழு வேகத்தில் முடியாது. இதை முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். டிரான்ஸ்பார்மரையும் லைன்மேனையும் சுற்றிக்கொண்டு இத்தனை நாள் போயிருந்தது. தட்டில் கை காய்ந்துபோகும்வரை உட்கார்ந்திருந்தாள்.

"கழுவுடி கைய," என்றாள் பஞ்சம்மாள்.

மறுநாள் காலை ஷிப்டுக்கு வந்தவுடன் யுவராணி கொக்கைப் பாதி வேகத்தில் ஓடவிட்டாள். பிறகு பேனலின் பின்புறம் போனாள். சுவருக்கும் பேனலுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற சந்து. அங்கே இடுப்பு உயரத்தில் கம்பி வலை போட்ட அந்தப் பெட்டி. உள்ளங்கையை அதன் பக்கத்தில் கொண்டுபோனாள். அப்புறம் தொட்டாள். காலை நேரத்துக் கிணற்றுச் சுவர்போல் குளிர்ந்து கிடந்தது.

சந்தின் வாயில் லூர்து மேரி எட்டிப் பார்த்தாள். "அது ஒரு வாரமாவே சூடு இல்ல தாயி."

யுவராணி திரும்பினாள். "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

லூர்து மேரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்ன வார்த்தை சொன்னதுதான். "அது வந்து… ராயப்பன்பட்டியில இருந்து நனைஞ்சுக்கிட்டுத்தான வர்றேன். தலைக்குப் போட்ட துண்டப் பக்கத்துக் கம்பியில தொங்க விடுவேன். டீக்குள்ள காஞ்சிரும். எல்லாரும்தான் போடுறாளுக. போன வாரம் போட்டேன், ஈரம் அப்படியே இருந்துச்சு. சரி, அதுக்கும் குளுரு புடிச்சிருச்சுன்னு விட்டுட்டேன்."

"இதச் சொல்றதுக்கு என்னக்கா?"

"நீ கேக்கலயே. கரண்டு ஆபீஸ்காரரத்தான கேட்டீக எல்லாரும்."

யுவராணி கரண்டை நிறுத்திப் பூட்டிவிட்டு, உள்ளே தங்கிய கரண்ட் இறங்கும்வரை காத்திருந்து, வயரைக் கழற்றி மீட்டரை வைத்தாள். முள் அசையவில்லை. ரெசிஸ்டருக்குள் எங்கோ கம்பி அறுந்திருந்தது. யுவராணிக்கு முதலில் வந்தது சந்தோஷம். தான் எந்தச் செட்டிங்கையும் மாற்றவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

போன் வைத்தியம் பலிக்காமல் சுரேஷ்கண்ணனே பத்து மணி வாக்கில் காரில் வந்து இறங்கினார். வரும்போதே கையில் மோட்டாரை ஓட்டுகிற புது டிரைவ் கார்டு. "எடுத்துட்டு வந்துட்டனுங்க, மாத்திரலாம்," என்றார். யுவராணி மீட்டரைக் காட்டினாள். அவர் தானும் ஒருமுறை வைத்துப் பார்த்தார். பிறகு கார்டைத் திரும்பப் பைக்குள் போட்டார்.

"சரிங்க. ரெசிஸ்டர் போயிருக்குது. மதுரையில நம்ம டீலர்கிட்ட இருக்குது, பஸ்ஸுல போடச் சொல்றேன். மதியத்துக்கு வந்துரும். மூடியக் கழட்டுங்க, பாப்போம்."

கர்ணனும் வந்து நின்றார். பெண்கள் பெல்ட்டை விட்டுவிட்டு வந்தார்கள். அம்மாவாசி தட்டின் மேலிருந்து இறங்கி, எல்லாருக்கும் பின்னால் நின்றார். தோளில் மடித்த கம்பளி.

யுவராணி நான்கு திருகையும் கழற்றி வலை மூடியை எடுத்தாள். வாடை வந்தது. முடி கருகிய வாடை. உள்ளே சுருள் கம்பி வெந்து, உருகி, இரண்டாகக் கிடந்தது. வலை மூடியின் வரிசையான துளைகளில் கறுப்பு நார் ஒட்டிக் கரியாகியிருந்தது. சுரேஷ்கண்ணன் அதை ஸ்குரூ டிரைவர் முனையால் சுரண்டி எடுத்து முகர்ந்தார்.

"துணிங்க இது. மேல எதையோ போர்த்தியிருக்காங்க. காத்துப் போக வழியில்லாம வெந்துருச்சு. மெஷின் கோளாறு இல்லீங்க சார், நல்லாப் பாத்துக்குங்க. இது உங்க ஆளுக பண்ண வேலை. ரெசிஸ்டருக்கும், மெஷின் நின்ன நாளுக்கும் எங்க கம்பெனி பொறுப்பாகாது."

கர்ணனின் கழுத்து சிவந்தது. "யாரு?" என்றார். "இங்கன துணி காயப் போட்டது யாரு?"

டேப் ஒட்டுகிற பெண்களில் ஒருத்தியின் கண் தன்னையறியாமல் லூர்து மேரி பக்கம் போனது. கர்ணன் அதைப் பார்த்துவிட்டார்.

"நீயா? அன்னைக்கே அந்தச் சந்துக்குள்ள இருந்து வந்தயே, பாத்தேன். அங்கன ஒனக்கு என்ன வேலன்னு அப்பவே கேட்டேன்ல?"

"சார், நான் துண்டு போட்டேன் சார். பக்கத்துக் கம்பியில. பெட்டி மேல போடல. என் துண்டு வெள்ளத் துண்டு சார்."

"போட்டேன்னு ஒத்துக்கிற. அப்பறம் என்ன? போய் ஒன் பையை எடு. நாளையிலருந்து வர வேணாம்."

"சார், மாதா மேல சத்தியமா…"

"மாதா வந்து ஓணத்து லோட ஏத்துவாகளா?"

லூர்து மேரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எப்போதும் வாய்விட்டுச் சிரிக்கிறவள் இப்போது சத்தம் வராமல் அழுதாள். அவள் புருசன் பக்கவாதத்தில் கிடக்கிறான். அது அங்கே எல்லாருக்கும் தெரியும். கர்ணனுக்கும் தெரியும்.

யுவராணி அப்பாவைப் பார்த்தாள். அவர் தோளில் இருந்த கம்பளியின் ஓரம் கீழே தொங்கியது. வரிவரியாக. வலை மூடியின் துளைகள் எந்த இடைவெளியோ அதே இடைவெளி. அம்மா சோறு போட்டுக்கொண்டு சொன்னது அப்போதுதான் அவள் காதில் விழுந்தது, ஒரு நாள் தாமதமாக.

அவரும் அவளைப் பார்த்தார். சொல்லுவார் என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் கொடுத்தாள். லூர்து மேரி தன் டிபன் தூக்கை எடுக்கத் திரும்பும்வரை கொடுத்தாள். அம்மாவாசி கம்பளியை மெதுவாக உள்பக்கமாக மடித்துத் தோளில் ஏற்றிக்கொண்டார். அவ்வளவுதான் செய்தார்.

"சார்," என்றாள் யுவராணி. "அது லூர்து மேரியக்கா துண்டு இல்ல. எங்கப்பா கம்பளி."

காற்று தகரக் கூரையை அடித்துக்கொண்டிருந்தது.

"அவர் தோள்லதான் கெடக்கு. விரிச்சுப் பாருங்க. வரி இருக்கும்."

யாரும் விரிக்கச் சொல்லவில்லை. அம்மாவாசியே விரித்தார். கையில் தூக்கிப் பிடித்துக் காட்டினார், விலை கேட்கிற ஆளுக்குக் காட்டுவதுபோல். "ஆமா. போட்டேன். சாரல்ல நனைஞ்சுக்கிட்டுச் சுத்தி வர்றேன். அது பாட்டுக்குச் சூடாக் கெடந்துச்சு. எங்க எட்டு பேரு வேலையப் புடுங்குனதுக்கு ஒரு கம்பளியாவது காயட்டுமேன்னு போட்டேன்."

"வேணும்னே பண்ணிருக்கான் சார்," என்றார் சுரேஷ்கண்ணன். "இது நாசவேலைங்க."

யுவராணி அவர் பக்கம் திரும்பினாள். அவளுக்கு இப்போது யார்மேல் கோபம் என்று பிரித்துப் பார்க்கிற நிலைமை இல்லை. "அதுக்குள்ள ரெண்டு வயரு இருக்கு பாருங்க சார். முறுக்கி மஞ்சள் டேப் சுத்தி. அது என்ன?"

சுரேஷ்கண்ணன் ஸ்குரூ டிரைவரைப் பைக்குள் போட்டார்.

"நான் சொல்லட்டா? பெட்டி ரொம்பச் சூடானா மெஷின நிப்பாட்டுற சுவிட்சு. சித்திரை வெயில்ல அது அடிக்கடி நிப்பாட்டுதுன்னு நீங்கதான் வயர முறுக்கி விட்டீங்க. நான் பக்கத்துல டார்ச் அடிச்சுக்கிட்டு நின்னேன். அந்தச் சுவிட்சு இருந்திருந்தா கம்பளி போட்ட அஞ்சாவது நிமிசம் மெஷின் நின்னுருக்கும். ரெசிஸ்டர் வெந்திருக்காது."

"தற்காலிகமாத்தாங்க பண்ணினேன். நீங்களும் பாத்துட்டுத்தானே நின்னீங்க? திருப்பி மாட்டுங்கன்னு ஒரு போன் போட்டீங்களா?"

"போடல," என்றாள்.

கர்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் தப்புச் செய்திருந்தால் மேனேஜருக்கு அது உபயோகப்படாது. அவருக்கு ஒரு ஆள் வேண்டும். யோசிக்கிறதுபோல் நின்றார். பிறகு சுரேஷ்கண்ணனைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினார். திரும்பி வந்தபோது முடிவாகியிருந்தது. மஞ்சள் டேப்பைப் பற்றி யாரும் மேலே எழுதிக் கேட்கப்போவதில்லை. ரெசிஸ்டரை வாடகைக் கம்பெனியே போட்டுத் தரும். லூர்து மேரி பெல்ட்டுக்குப் போகலாம். காண்ட்ராக்டருக்கு ஒரு போன். அம்மாவாசி இன்றைக்கே சாவியையும் காக்கியையும் ஒப்படைத்துவிட வேண்டும். வேறு வாட்ச்மேன் நாளைக்கு வருவான்.

"ஒனக்குப் பிரச்சனை இல்லம்மா," என்றார் யுவராணியிடம். "உள்ளதச் சொன்ன. மெஷின ஓட்டு."

அம்மாவாசி இடத்தை விட்டு நகர்ந்து, வெளியே வாட்ச்மேன் கூண்டில் போய் உட்கார்ந்துகொண்டார். லூர்து மேரி யுவராணியின் பக்கத்தில் வந்தாள். நன்றி சொல்லத்தான் வந்திருப்பாள். ஆனால் வாயில் வந்தது வேறு. "பெத்தவரப் போயி… நீ பேசாம இருந்திருக்கலாம் தாயி."

"இருந்திருந்தா நீங்க இந்நேரம் பஸ் ஸ்டாப்புல நிப்பீங்க."

"அதுவும் சரிதான்," என்றாள் லூர்து மேரி. மூக்கைச் சிந்திவிட்டு டேப் ஒட்டப் போனாள்.

மதிய பஸ்ஸில் ரெசிஸ்டர் வந்தது. யுவராணி அதை மாட்டினாள். முறுக்கிய வயரைப் பிரித்து, சுவிட்சோடு சேர்த்தாள். சுரேஷ்கண்ணன் பக்கத்தில் நின்று டார்ச் அடித்தார். முழு வேகம் வைத்தாள். கொக்கு குனிந்தது, கவ்வியது, சுழன்றது, வைத்தது. மூன்றாவது பெட்டியையும் வைத்தது. எல்லாரும் நான்காவதைப் பார்த்தார்கள். அதையும் வைத்தது. சந்துக்குள் கையை நீட்டினாள். பெட்டியிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வந்தது.

"ஹாவூ," என்று பெருமூச்சு விட்டுவிட்டு லாரியைப் பின்னால் எடுக்கப் போனார் கோட்டயத்து டிரைவர்.

இரண்டு மணிக்குப் பஞ்சம்மாள் புருசனுக்குச் சோற்றுத் தூக்கோடு வந்தாள். வழியிலேயே யாரோ சொல்லிவிட்டார்கள். கேட்டுக்கு வெளியே சாரலில் நின்றுகொண்டு, உள்ளே ஷெட் வாசலில் நின்ற மகளைப் பார்த்துக் கத்தினாள். சுற்றிலும் கேட்டது.

"கம்பளி கருகிருக்குன்னு ஒரு வாரமாக் கத்துறேன். அப்பனும் கேக்கல. மகளும் கேக்கல. இப்ப ஊரே கேக்குது! அந்த மனுசன் வாயத் தொறந்து நான்தான்னு சொல்லிருந்தா மருவாதியாப் போயிருக்கும். அவரு சொல்லல. நீ வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். நீ இருக்கல. நான் யாருக்குடி சோறு போட?"

"அம்மா, பஸ்ஸு வருது, போ."

"போறேன். இந்தச் சோத்தக் கொக்குக்கே வையி."

ஆனால் தூக்கை அங்கே வைக்காமல் கையோடு எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

அம்மாவாசி கூண்டுக்குள் காக்கியைக் கழற்றி மடித்து, டார்ச்சை அதன் மேல் வைத்தார். தன் சட்டையை மாட்டினார். அடுத்த ஆள் நாளைக்குத்தான் என்பதால் கேட்டைப் பார்க்க ஆள் இல்லை. கர்ணன் ஆபீஸ் வாசலில் நின்று சத்தம் போட்டார். "யுவராணி, ஒங்கப்பா போனதும் கேட்டப் பூட்டிட்டுச் சாவிய எங்கிட்டக் குடும்மா. லாரி ஏத்துறப்ப மாடு உள்ள வந்துரும்."

அவள் கேட்டுக்குப் போனாள். அம்மாவாசி சாவியை அவள் கையில் கொடுத்தார். இருவரும் சின்னக் கதவருகே நின்றார்கள்.

"கருகுறப்பவே தெரிஞ்சுச்சா?" என்று கேட்டாள்.

"வாடை வந்துச்சு. கம்பளி போச்சுடான்னு எடுத்துட்டேன். மறுநாத்தான் கொக்கு நின்னுச்சு. அப்பத் தெரிஞ்சுச்சு."

"அப்பவே சொல்லிருக்கலாம்ல?"

"எதுக்கு? நின்னா நல்லதுன்னுதான இருந்தேன். தேனியில ரெண்டு பேருக்குப் போன் போட்டும் சொல்லிட்டேன், தயாரா இருங்கப்பான்னு." வெற்றிலையைத் துப்பினார். "ஒனக்கு ஓசூருல வேல கெடைச்சிரும். அவனுகளுக்கு எங்க கெடைக்கும்?"

"லூர்து மேரியக்காவப் போகச் சொன்னப்ப?"

அவர் கம்பளியை அடுத்த தோளுக்கு மாற்றினார். "நீயே என்னயப் பாத்துக்கிட்டே நின்ன. நீ சொல்லிருவன்னு தெரியும்," என்றார்.

"நீங்க சொல்லுவீகன்னு நின்னேன்."

"ம்."

முட்டியைக் கொடுத்துக் கதவைத் தூக்கித் திறந்து வெளியே போனார். கம்பளியைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டார். கருகிய வரிகள் நெற்றிக்கு மேலே வந்தன. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஞ்சம்மாள் தூக்கோடு நிற்பது தெரிந்தது.

யுவராணி கதவைச் சாத்தினாள். அது பாதியில் தரையில் சிக்கியது. இழுத்தாள். உதைத்தாள்.

"முட்டியக் குடுத்துத் தூக்கு," என்றார் வெளியிலிருந்து.

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் ஒதைக்கிற?"

பல்லைக் கடித்துக்கொண்டு முட்டியைக் கொடுத்துத் தூக்கினாள். கனமாக இருந்தது. கொண்டி விழுந்தது. பூட்டை மாட்டிச் சாவியைத் திருகி, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு உருவிக்கொண்டாள்.